இத்தாலியின் லாங்கே மலைகள்: குடிக்காதவர்கள் போனால் பார்க்க என்ன இருக்கிறது?

நிலாப்பயணி (சென்னை)

வணக்கம் நண்பர்களே. அக்டோபர் கடைசியில் என் கணவருக்கு மிலானில் அலுவலக வேலை. அதை ஒட்டிச் சில நாட்கள் சுற்றலாம் என்று நானும் அப்பாவும் சேர்ந்துகொள்கிறோம். எல்லோரும் டஸ்கனி போ, டஸ்கனி போ என்கிறார்கள். எனக்கு என்னவோ வடமேற்கு இத்தாலியின் பியெமோன்தே மாநிலப் பக்கம், ஆல்பா ஊரைச் சுற்றி இருக்கும் லாங்கே திராட்சை மலைகள்மேல் ஆசை. பரோலோ, பார்பரெஸ்கோ என்று ஒயின் பிரியர்கள் உருகுகிற இடம்.

சிக்கல் என்னவென்றால், எங்கள் மூன்று பேரில் குடிப்பவர் என் கணவர் மட்டும்தான், அதுவும் பேருக்கு. அப்பா வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், சுத்த சைவம், நன்றாக நடப்பார். இணையத்தில் எதைத் தேடினாலும் எந்த ஒயின் நிலவறையில் எந்த வருட பாட்டில் என்றுதான் வருகிறது. ஊரும் வயலும் பாதையும் எப்படி? எங்கே தங்குவது? கார் இல்லாமல் முடியுமா? போனவர்கள் சொல்லுங்கள்.

பச்சைத்தண்ணி (திருச்சி)

குடிக்காதவங்க ஒயின் ஊருக்குப் போறது, பல் இல்லாதவன் முறுக்கு வாங்கின கதைதான் சகோ. சுவிஸ் பக்கம் போங்க, மலை இலவசம்.

தூரின்வாசி (தூரின்)

பச்சைத்தண்ணி சார், சுவிட்சர்லாந்தில் மலையைத் தவிர எதுவுமே இலவசம் இல்லை, அதையும் சொல்லிவிடுங்கள் :)

நிலாப்பயணி, குடிக்காதவர்களுக்கு அந்த ஊர் இன்னும் நன்றாகவே இருக்கும் என்பது என் கட்சி. குடிப்பவர்கள் நிலவறை நிலவறையாக இறங்கி ஏறி, பகல் வெளிச்சத்தை மண்ணுக்கடியில் கழித்துவிடுகிறார்கள். 2014-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தபோதுகூட பட்டியலில் ஏறியது பாட்டில் இல்லை. "லாங்கே-ரொயெரோ, மொன்ஃபெர்ராத்தோ திராட்சைத் தோட்ட நிலக்காட்சி" என்று நிலத்துக்குத்தான் அந்தப் பெருமை.

தானரோ ஆற்றங்கரையில் ஆல்பா. அதற்குத் தெற்கே அலை அலையாகக் குன்றுகள். ஒவ்வொரு குன்றின் உச்சியிலும் ஒரு ஊர், ஊருக்கு நடுவே கோட்டையோ மணிக்கூண்டோ. தென்மேற்கில் பரோலோ பக்கம்: லா மொர்ரா, பரோலோ, மொன்ஃபோர்த்தே, செர்ராலுங்கா, காஸ்திலியோனே ஃபல்லெத்தோ. வடகிழக்கில் பார்பரெஸ்கோ பக்கம்: பார்பரெஸ்கோ, நேய்வே, த்ரேய்சோ. ஆற்றைத் தாண்டினால் ரொயெரோ. அங்கே மணற்பாங்கான மண், செங்குத்தாக அரித்துப் போன பள்ளத்தாக்குகள், கூட்டமும் குறைவு.

முதலில் லா மொர்ரா உச்சிச் சதுக்கத்துக்குப் போங்கள். கடல் மட்டத்துக்கு மேல் 500 மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். கைப்பிடிச் சுவர் ஓரம் நின்றால் பரோலோ பகுதி மொத்தமும் காலடியில் விரியும். வானம் தெளிவாக இருந்தால் மேற்கே ஆல்ப்ஸ் மலைத்தொடர், அதில் தனித்துத் தெரிகிற கூர் முனைதான் 3,841 மீட்டர் உயர மொன்விசோ. அக்டோபர் கடைசி காலைகளில் பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி அடைத்திருக்கும், அதனால் விடிந்ததும் ஓடாதீர்கள். பத்து மணிக்கு மேல் போனால் பனி இறங்கி உச்சிகள் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

வேளாண் அதிகாரியாக இருந்தவருக்கு அங்கே நிறைய வேலை இருக்கிறது. வரிசைகள் பெரும்பாலும் சரிவைக் குறுக்காகச் சுற்றி, சம உயரக்கோட்டைப் பிடித்துப் போகும். தெற்கு பார்த்த நல்ல சரிவு, பரோலோவும் பார்பரெஸ்கோவும் செய்கிற நெப்பியோலோ திராட்சை ரகத்துக்கு. அதைவிடச் சுமாரான இடம் பார்பெராவுக்கு, குளிர்ந்த மேட்டு இடம் தொல்செத்தோவுக்கு. வடக்கு பார்த்த சரிவில் காடும் ஹேசல்நட் மரங்களும். உங்கள் சமயத்தில் இதை இலையின் நிறத்திலேயே படிக்கலாம். நெப்பியோலோ மஞ்சளாகும், பார்பெரா சிவக்கும். எந்தச் சரிவில் எதை நட்டிருக்கிறார்கள் என்று எதிர் மலையில் நின்றே அப்பா சொல்லிவிடுவார்.

சூரிச் செல்வன் (சுவிஸ்)

வணக்கம். நாங்கள் சூரிச்சில் இருந்து காரில் இறங்கிப் போறனாங்கள், அதனால் வாகன விஷயம் மட்டும் சொல்கிறேன்.

இந்திய லைசென்ஸ் என்றால் சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் கட்டாயம் கையில் வேண்டும். மறித்துக் கேட்டால் காட்ட வேண்டும். ஆல்பா போன்ற ஊர்களின் பழைய நகரப் பகுதிக்குள் கண்ட கார்களும் நுழையக்கூடாத வலயம் இருக்கும், கமராவும் இருக்கும். தண்டம் வீட்டுக்கு மாதக் கணக்கில் கழித்து வரும், வாடகைக் கம்பனி அதற்கு மேலே தன் கட்டணத்தையும் போடும். வெளியே நிறுத்திவிட்டு நடந்து உள்ளே போங்கள். குன்று ரோட்டுகள் நல்ல தார்தான், ஆனால் ஒடுக்கம், வளைவுக்கு வளைவு. உள்ளூர் ஆட்கள் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டு ஓட்டுவார்கள். பதறாமல் ஓரம் கட்டி வழி விடுங்கள்.

மற்றது, இரத்தத்தில் மது அளவு லிட்டருக்கு 0.5 கிராம்தான் எல்லை. லைசென்ஸ் எடுத்து மூன்று வருசம் ஆகாதவருக்குப் பூச்சியம். குடிக்கிறவர் ஓட்டக்கூடாது என்று வைத்துக்கொள்வதுதான் நல்லது.

நிலாப்பயணி

நன்றி செல்வன் அண்ணா. கணவருக்கு வலப்பக்கம் ஓட்டிப் பழக்கம் இல்லை. ஒடுக்கமான மலை ரோட்டில் பரிசோதனை செய்ய எனக்குத் தைரியம் இல்லை. கார் இல்லாமல் வழி உண்டா?

தூரின்வாசி

உண்டு, ஆனால் பொறுமை வேண்டும். மாநிலத் தலைநகர் தூரினில் இருந்து பிரா வழியாக ஆல்பாவுக்கு நேரடி உள்ளூர் ரயில் மணிக்கு ஒன்று அளவில் ஓடுகிறது. அதற்கு மேல் மலை ஊர்களுக்குப் பேருந்து. இது பள்ளிக்கூடப் பிள்ளைகளை மனதில் வைத்து ஓடுகிற பேருந்து என்று நினைத்துக்கொள்ளுங்கள். காலையில் ஒன்று, மதியம் ஒன்று, ஞாயிறு என்றால் பல தடங்களில் ஒன்றுமே இல்லை.

நான் தூரினில் சேர்ந்த புதிதில் கார் இல்லாமல்தான் போவேன். ஆல்பாவில் தங்குவது, போகும்போது டாக்ஸியில் உச்சிக்கு ஏறிவிடுவது, அங்கிருந்து நடந்து இறங்குவது. ஆல்பாவில் மின்சார சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கிறது. கணவர் அதை எடுக்கலாம், அப்பாவுக்கு வேண்டாம்.

நடக்க நான் சிபாரிசு செய்வது லா மொர்ராவில் இருந்து பரோலோ. ஊரைத் தாண்டியதும் தார் ரோட்டை விட்டுத் தோட்டத்துக்குள் மண் பாதை இறங்கும். வேலி கிடையாது, வரிசைகளுக்கு ஊடேயே நடக்கலாம். பழத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். அறுவடை முடிந்திருந்தாலும் அங்கங்கே விட்டுப்போன குலை தொங்கும்தான், இருந்தாலும் வேண்டாம். இடையிடையே ஓட்டுக்கூரை போட்ட ஒற்றை அறைக் குடில்கள் வரும். சாபோத் என்பார்கள். மண்வெட்டி, மருந்து எல்லாம் வைக்கவும், மழைக்கு ஒதுங்கவும் கட்டியது. சில இப்போது பூட்டிக் கிடக்கும், சிலவற்றைச் சீர் செய்து வாடகைக்கு விடுகிறார்கள்.

பாதி வழியில், ப்ருனாத்தே தோட்டத்தின் நடுவே திடீரென்று சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக ஒரு சின்னக் கட்டடம் நிற்கும். பரோலோ சேப்பல் என்று பெயர். 1914-இல் கட்டியது, வழிபாடு நடந்ததே இல்லை. மழைக்கு ஒதுங்கும் கொட்டகையாகவே கிடந்தது. 1999-இல் வெளிப்புறத்தை அமெரிக்கக் கலைஞர் சொல் லெவிட்டும், உட்புறத்தை இங்கிலாந்தின் டேவிட் ட்ரெம்லெட்டும் வண்ணமாக்கினார்கள். வெளியே சத்தம் போடுகிற நிறம், உள்ளே மண் நிறம். எனக்கு உள்ளேதான் பிடிக்கும்.

நிதானமாக நடந்தாலும் அரை நாளில் பரோலோ. அங்கே கோட்டைக்குள் ஒயின் அருங்காட்சியகம் இருக்கிறது. குடிக்காதவர்களுக்கும் சலிக்காது, கொஞ்சம் நாடகத்தனமான ஏற்பாடு. அந்தக் கோட்டையின் கடைசி எஜமானி ஜூலியெத் கோல்பெர் பிரான்சில் பிறந்தவர். தூரின் சிறைகளில் பெண் கைதிகளின் நிலையை மாற்றப் பாடுபட்டவர். பரோலோ ஒயினுக்கு அரசவையில் பெயர் வாங்கிக் கொடுத்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. மன்னர் கார்லோ ஆல்பெர்த்தோ ஒருமுறை "உங்கள் ஒயினை எனக்குக் கொடுக்கவே இல்லையே" என்று கேட்டாராம். தவக்காலம் நீங்கலாக வருடத்தின் ஒவ்வொரு நாளுக்கும் ஒன்றாக 325 வண்டிகளில் பீப்பாய்களை ஏற்றி அனுப்பினாராம் இந்த அம்மா. கதைதான், ஊரில் எல்லோரும் சொல்வார்கள்.

ஒரு எச்சரிக்கை: மழை பெய்த மறுநாள் இந்த நடை வேண்டாம். அங்கே மண் சாம்பல் நீலக் களிச்சுண்ணாம்பு. ஈரமானால் பாதத்தை விட்டு இறங்காது, பத்து அடிக்கு ஒருமுறை குச்சியால் சுரண்ட வேண்டும்.

கம்பத்துக்காரன் (கம்பம்)

தலைப்பைப் பார்த்துட்டு உள்ளே வந்தேன். நானும் திராட்சைதான், ஒயினுக்கு இல்லை, பன்னீர் திராட்சை. எங்களுக்கு எல்லாம் கல்லுக்கால் பந்தல். படத்தில் பார்த்தால் அங்கே கொடியை வேலி மாதிரி நிறுத்தி வளர்க்கிறார்கள். கவாத்து எப்படி? ஏக்கருக்கு என்ன மகசூல்? சுற்றுலாப் பேச்சுக்கு நடுவே கேட்பதற்கு மன்னிக்கணும்.

தூரின்வாசி

அண்ணா, இந்த இழையின் உருப்படியான கேள்வி இதுதான்.

குளிர்காலத்தில் பழைய கிளைகளை எல்லாம் எடுத்துவிட்டு ஒரே ஒரு நீளக் கொம்பை மட்டும் விட்டு, அதைக் கம்பியில் வளைத்துக் கட்டுகிறார்கள். நெப்பியோலோவில் அடிமொட்டுகள் சரியாகக் காய்க்காது, அதனால் கொம்பை நீளமாகத்தான் விட்டாக வேண்டும். சரிவு அதிகம், பல தோட்டங்களில் அறுவடை இயந்திரம் இறங்க முடியாது. கவாத்து முதல் அறுவடை வரை கைவேலை. மகசூலுக்குச் சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது. பரோலோ என்று பெயர் போட வேண்டுமானால் ஹெக்டேருக்கு 8 டன்தான், ஏக்கருக்கு மூன்றேகால் டன் வரும். அதற்கு மேல் காய்த்தால் கோடையிலேயே பச்சைக் குலைகளை வெட்டித் தரையில் போட்டுவிடுவார்கள். பிறகு அறுவடை ஆண்டின் நவம்பரில் இருந்து கணக்கு வைத்துக் குறைந்தது 38 மாதம் ஒயின் முதிர வேண்டும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில். அதன் பிறகுதான் விற்க முடியும்.

கம்பத்துக்காரன்

மூன்றேகால் டன்னா! எங்கள் ஊரில் அப்படிக் காய்த்தால் கடன் கொடுத்தவன் வீட்டுக்கு வந்துவிடுவான். நாங்கள் இரண்டு வருசத்தில் ஐந்து அறுப்பு எடுக்கிறவர்கள். குலையை வெட்டிக் கீழே போடுவதை எங்கள் ஐயா பார்த்தால் அடிக்க வருவார். நன்றி தம்பி.

தூரின்வாசி

இன்னொன்று கேளுங்கள், உங்களுக்கும் அந்த ஊருக்கும் சொந்தம் உண்டு. உங்கள் பன்னீர் திராட்சை மஸ்கட் ஹாம்பர்க் ரகம். அதன் பெற்றோர் மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியாவும் ஸ்கியாவா க்ரோஸ்ஸா என்ற இத்தாலிய ரகமும். அலெக்ஸாண்ட்ரியாவுக்குப் பெற்றோரில் ஒன்று வெள்ளை மஸ்கட். ஆல்பாவுக்குக் கிழக்கே மலை மலையாக நட்டிருக்கும் மொஸ்காத்தோ அந்த வெள்ளை மஸ்கட்டேதான். ஆக, கம்பத்துப் பழம் அதன் பேரப்பிள்ளை. மொஸ்காத்தோ தாஸ்தி என்று அதில் செய்யும் இனிப்பு ஒயினில் மதுச்சத்து 5 சதவீதம் அளவுதான். பழத்தைக் கடித்த வாசனை அப்படியே இருக்கும்.

நாடோடி மாலா (கோவை)

எல்லோரும் பரோலோ பக்கத்தையே சொல்கிறீர்கள். நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து. முதல் நாள் லா மொர்ராவில் நின்றால் வாய் பிளந்து பார்ப்போம், இரண்டாம் நாளும் அதே வரிசை, மூன்றாம் நாளும் அதே வரிசை. சீவி விட்ட தலை மாதிரி எங்கே பார்த்தாலும் கோடு. மரம் எங்கே? பறவை எங்கே? நல்ல தோட்டம் ஹெக்டேருக்குப் பத்து லட்சம் யூரோவைத் தாண்டி விலை போகும் ஊரில் எவன் ஒரு மரத்தை விட்டு வைப்பான்?

நிலாப்பயணி, இன்னும் தெற்கே ஏறி ஆல்தா லாங்கா, அதாவது மேல் லாங்கா போங்கள். திராட்சை குறைந்து ஹேசல்நட் தோப்பும் காடும் மேய்ச்சலும் வரும். கொர்தெமிலியாவில் கல் அடுக்கிக் கட்டிய படித்தட்டு வயல்கள். பெர்கோலோ என்று முழுக்கக் கல்லால் ஆன குட்டி ஊர், சுவரெல்லாம் ஓவியம். மொம்பர்காரோ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, வானம் சுத்தமாக இருக்கும் நாளில் அங்கிருந்து கடலே தெரியும். முராட்சானோவில் செம்மறியாட்டுப் பால் சீஸ். ஒரு ஊரில் காபி குடிக்க உட்கார்ந்தால் யார், எங்கிருந்து என்று பக்கத்து மேசைக் கிழவர் விசாரிப்பார். பரோலோவில் யாரும் விசாரிக்க மாட்டார்கள், ஒயின் டேஸ்டிங் புக்கிங் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள்.

தூரின்வாசி

மாலா அக்கா சொல்வதில் பாதி சரி. ஒற்றைப்பயிர்தான், மறுக்கவில்லை. ஆனால் "அதே வரிசை" என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். செர்ராலுங்காவுக்குப் போய்ப் பாருங்கள். மலைமுதுகு முழுக்கக் கூர்மையாக நீண்டு, நடுவில் 14-ஆம் நூற்றாண்டுக் கோட்டை ஒல்லியாக, உயரமாக நிற்கும். ஊர் அந்தக் கோட்டையைச் சுற்றி வளையம் போட்டு உட்கார்ந்திருக்கும். லா மொர்ராவின் அகன்ற, மெதுவான சரிவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. மண்ணும் வேறு, அதனால் ஒயினும் வேறு. லா மொர்ராவில் மென்மை, செர்ராலுங்காவில் நாக்கை இழுத்துப் பிடிக்கும் துவர்ப்பு. பார்பரெஸ்கோவில் ஆற்றை எட்டிப் பார்க்கும் பழைய கோபுரத்துக்கு லிஃப்டில் ஏறலாம். மேலிருந்து தானரோ வளைந்து போவது தெரியும். இது மூன்றும் ஒரே காட்சியா?

சூரிச் செல்வன்

மாலா சொல்கிற மேல் லாங்காவுக்குக் கார் இல்லாமல் போறது சரியான கஷ்டம். நாங்கள் ஒருக்கா கொர்தெமிலியாவில் பஸ் பார்த்து நின்ற குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வந்தனாங்கள். வயதானவரோடு கார் இல்லாமல் என்றால் ஆல்பாவும் பரோலோ பக்கமும்தான் புத்தி. ஒரு நாளைக்கு மட்டும் ஓட்டுநரோடு கார் பிடித்து மேலே ஏறுங்கள்.

நாடோடி மாலா

அதுவும் சரிதான். ஓட்டுநரோடு ஒரு நாள் என்பதற்கு நான் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த ஒரு நாளை விட்டுவிடாதீர்கள்.

நிலாப்பயணி

அருமையாகப் போகிறது, நன்றி! சாப்பாட்டுக்கு யாரும் வாய் திறக்கவில்லையே. அப்பாவுக்கு முட்டை பரவாயில்லை, மீனும் இறைச்சியும் ஆகாது.

அடுக்களை அனு (பெங்களூரு)

முட்டை ஓகே என்றால் தப்பித்தீர்கள். அந்த ஊரின் பெருமையான பாஸ்தா தாயரின். இடியாப்பத்தை விடச் சற்றுத் தடித்த, மஞ்சள் மஞ்சளான நூல்கள். மாவில் தண்ணீரே ஊற்றாமல் முட்டை மஞ்சள் கருவாகப் போட்டுப் பிசைவார்கள். ஆனால் வழக்கமாக மேலே போடுவது இறைச்சிக் குழம்பு. "பூர்ரோ எ சால்வியா" என்று கேட்டால் வெண்ணெயும் சேஜ் இலையும் மட்டும் போட்டுத் தருவார்கள். அதுவே அமர்க்களம்.

கவனிக்க வேண்டியவை: அன்யொலொத்தி தெல் ப்லின் என்று விரல்நகம் அளவு கிள்ளி மடித்த பாஸ்தா, பார்க்க அப்பாவி மாதிரி இருக்கும், உள்ளே வறுத்த இறைச்சி. பான்யா காவ்தா காய்கறிகளைத் தொட்டுச் சாப்பிடுவது என்று சொல்லிக் கொடுப்பார்கள், அந்தச் சூடான குழம்பே நெத்திலி மாதிரியான மீனும் பூண்டும்தான். வித்தெல்லோ தொன்னாத்தோ கன்றுக்குட்டி இறைச்சியும் சூரையும். முதல் சுற்று தட்டுகள் பெரும்பாலும் அசைவம், ஆகவே மேசையில் உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள்.

தாராளமாகச் சாப்பிடக்கூடியவை: கஸ்தெல்மான்யோ சீஸ் உருக்கி ஊற்றிய நியோக்கி என்ற உருளைக்கிழங்கு உருண்டை, ஃபோந்தூத்தா என்ற உருக்கிய சீஸ், அடுப்பில் சுட்ட குடமிளகாய் (நெத்திலி வேண்டாம் என்று சொல்ல வேண்டும்), ரொபியோலா ஆட்டுப்பால் சீஸ். அங்கே பாரம்பரிய சீஸ் பெரும்பாலும் கன்றின் இரைப்பை நொதியில் உறைய வைத்தது, அதுவும் ஆகாது என்றால் முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள். இனிப்புக்கு ஹேசல்நட் கேக். மாவே சேர்க்காமல் பருப்பை மட்டும் அரைத்துச் செய்யும் வீடுகள் உண்டு. அந்தப் பருப்பு மணம் தெருவிலேயே வரும், ஆல்பா சாக்லேட் நிறுவனம் ஃபெர்ரேரோவின் ஊர் இல்லையா. 1964-இல் நுடெல்லா பிறந்தது அங்கேதான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் கோகோ கிடைக்காத காலத்தில், மலையில் மலிவாகக் கிடைத்த ஹேசல்நட்டை அரைத்துச் சேர்த்ததில் தொடங்கிய வியாபாரம்.

சமையலறை மதியம் இரண்டு, இரண்டரைக்கு மூடிவிடும். மாலை ஏழரைக்குத்தான் மறுபடி அடுப்பு. நான்கு மணிக்குப் பசித்தால் பேக்கரி தவிர நாதி இல்லை. பையில் மிக்சர் வைத்துக்கொள்ளுங்கள், வெட்கம் வேண்டாம்.

பச்சைத்தண்ணி

இவ்வளவு தூரம் போய் மிக்சரா :) அது சரி, அங்கே ஏதோ காளான் தங்க விலை என்கிறார்களே?

தூரின்வாசி

வெள்ளை ட்ரஃபிள். ஓக், பாப்லர், வில்லோ வேர்களோடு ஒட்டி மண்ணுக்குள் விளையும் பூஞ்சை. கிலோ ஆயிரக்கணக்கான யூரோ. நிலாப்பயணி போகும் சமயம் சரியான பருவம், ஆல்பாவில் இலையுதிர்கால வார இறுதிகளில் ட்ரஃபிள் சந்தை நடக்கும். காசு கொடுத்து உள்ளே போய் வாசனை மட்டும் பிடித்துவிட்டு வரலாம், கண்ணாடி மூடியைத் தூக்கி முகரக் கொடுப்பார்கள். பூண்டு, தேன், பழைய சீஸ், ஈரமண் எல்லாம் சேர்ந்த நெடி. பிடித்தால் பைத்தியமாக்கும், பிடிக்காவிட்டால் சமையல் கேஸ் கசிகிறதோ என்று தோன்றும்.

உணவகத்தில் கேட்டால் மேசைக்கே கொண்டுவந்து, துருவுவதற்கு முன்னும் பின்னும் எடை போட்டு கிராம் கணக்கில் காசு வாங்குவார்கள். "போதும்" என்று சொல்ல வேண்டியது நீங்கள்தான், பரிசாரகர் தானாக நிறுத்த மாட்டார். தேடல் நடையும் உண்டு, நாயோடு. நாய் மண்ணைப் பறிக்கத் தொடங்கியதும் ஆள் ஓடிப்போய் அதை விலக்கி, வாயில் ஒரு பிஸ்கட்டைத் திணித்துவிட்டுச் சிறு கொத்தால் மீதியைத் தோண்டுவார். எடுத்த பிறகு குழியை மண் போட்டு மூடி மிதிப்பார், அடுத்த வருடமும் அதே வேரில் வரும் என்பதால். பயணிகளுக்குக் காட்டும் நடையில் பெரும்பாலும் கருப்பு ட்ரஃபிள்தான் கிடைக்கும். நல்ல வெள்ளை விளையும் இடத்தை அவர் தன் மகனுக்கே கடைசியில்தான் சொல்வார்.

பழைய தோழர் (மதுரை)

அழகு, சாப்பாடு, காளான் எல்லாம் சரி. அந்த வரிசைகளை யார் சீவி வைக்கிறார்கள் என்று யாரும் பேசவில்லையே? இத்தாலியத் தோட்டங்களில் வெளிநாட்டுக் கூலிகளைத் தரகர்கள் கொத்தடிமை மாதிரி நடத்துவதாகப் படித்திருக்கிறேன்.

தூரின்வாசி

தோழர், கேட்க வேண்டிய கேள்விதான். லாங்கேயில் பல வருடங்களாக மாசிடோனியா நாட்டவர் நிறைய, இப்போது ஆப்பிரிக்க இளைஞர்களும். தரகர் முறைக்கு எதிராக 2016-இல் கடுமையான சட்டமே வந்தது. அப்படியும் 2024-இல் ஆல்பா வட்டாரத்தில் தொழிலாளர் சுரண்டல் தொடர்பாகக் கைதுகள் நடந்து, இந்தப் பணக்கார மலைகளிலா என்று இத்தாலியே பேசியது. எல்லாத் தோட்டமும் அப்படி இல்லை, ஆனால் இல்லவே இல்லை என்று யாரும் சாதிக்க முடியாது.

பணக்கார மலை என்பதும் நேற்று வந்ததுதான். போருக்குப் பின் இங்கே பட்டினி. இளைஞர்கள் தூரின் கார் தொழிற்சாலைகளுக்கு ஓடினார்கள். ஃபெர்ரேரோ மலை ஊர்களுக்குப் பேருந்து அனுப்பி ஆள் எடுத்ததால் பலர் காலையில் மிட்டாய் ஆலை, மாலையில் சொந்தத் தோட்டம் என்று ஊரிலேயே தங்க முடிந்தது. 1958-இல் பார்பரெஸ்கோவில் பாதிரியார் ஒருவர் 19 விவசாயக் குடும்பங்களைச் சேர்த்துக் கூட்டுறவு தொடங்கினார், முதல் ஒயினைத் தேவாலயத்தின் அடித்தளத்தில் வைத்தே தயாரித்தார்கள். அது இன்றும் மதிப்போடு நடக்கிறது. கூட்டுறவு என்றால் நஷ்டம் என்று நினைப்பவர்கள் போய்ப் பார்க்க வேண்டும்.

1986-ஐயும் சொல்ல வேண்டும். இதே வட்டாரத்தில் நார்த்சோலே என்ற ஊரில் மலிவு ஒயினில் மெத்தனால் கலந்து விற்றதில் இருபது பேருக்கு மேல் செத்தார்கள், சிலருக்குக் கண் போனது. நமக்குக் கள்ளக்குறிச்சி எப்படியோ அவர்களுக்கு அது. லிட்டர் கணக்கில் மலிவாக விற்பது இனி ஆகாது, குறைவாகச் செய்து நன்றாகச் செய்வோம் என்று பலர் திரும்பியதில் அந்த அடிக்குப் பெரிய பங்கு உண்டு.

பழைய தோழர்

விரிவான பதிலுக்கு நன்றி. கூட்டுறவு பற்றித் தனியாக ஒரு இழை போடுங்கள்.

மட்டுறுத்துநர்

ஒயின் விலை, பாட்டில் கொண்டு வருவதற்கான சுங்க விதி பற்றிய பின்னூட்டங்களை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே பயணம் மட்டும் பேசுவோம்.

நிலாப்பயணி

எல்லாவற்றையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கவாத்துப் பேச்சுக்கு மட்டும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். கம்பத்துக்காரன் அண்ணா ஊருக்கே ஒருமுறை வர வேண்டுமாம்.

இப்போதைக்குத் திட்டம்: தூரின் வழியாக ரயில், ஆல்பாவில் தங்கல், லா மொர்ராவில் இருந்து நடை, பார்பரெஸ்கோ கோபுரம், மாலா அக்காவுக்காக ஓட்டுநரோடு ஒரு நாள் மேல் லாங்கா. க்ரின்சானே காவூர் கோட்டையும் பார்க்கலாமா? கணவருக்கு ஒரே ஒரு நிலவறையாவது வேண்டுமாம்.

கம்பத்துக்காரன்

வரச் சொல்லுங்கம்மா, தோட்டத்திலேயே சாப்பாடு.

தூரின்வாசி

க்ரின்சானே கட்டாயம். இத்தாலியை ஒன்றாக்கியதில் முதன்மையானவரான காவூர் பிரபு இளவயதில் அந்தச் சின்ன ஊருக்கு மேயராக இருந்து 17 வருடம் குடும்பத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டார். பழைய விவசாயக் கருவிகள் எல்லாம் உள்ளே வைத்திருக்கிறார்கள், அப்பாவை வெளியே கூட்டி வருவதுதான் சிரமம்.

நிலவறைக்கு முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். பெரும்பாலும் குடும்பமே நடத்துவது, கதவைத் தட்டினால் ஆள் வயலில் இருப்பார். முன்பதிவு செய்யும்போதே "ஒருவர் சுவைப்பார், இருவர் பார்வை மட்டும்" என்று எழுதிவிட்டால் கட்டணத்தைக் குறைப்பவர்களும் உண்டு.

இரண்டு விஷயத்தை இன்றே முடித்துவிடுங்கள். ட்ரஃபிள் சந்தை வார இறுதிகளில் ஆல்பாவில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு, கிடைத்தாலும் விலை இரட்டிப்பு. வார நாட்களில் தங்குகிற மாதிரி மாற்றுங்கள். நவம்பர் 1 அங்கே அரசு விடுமுறை, அதை ஒட்டிய நாட்களிலும் இதே கதைதான். அடுத்து, அக்டோபர் கடைசி ஞாயிறு அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். அதன் பிறகு மாலை ஐந்தரைக்கு முன்பே சூரியன் போய்விடும், தோட்டப் பாதையில் விளக்கு கிடையாது. லா மொர்ராவில் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு ஒரு மணிக்குள் நடக்கத் தொடங்குங்கள். பரோலோவில் இருந்து ஆல்பா திரும்பும் டாக்ஸியைக் காலையிலேயே சொல்லி வையுங்கள், அங்கே கை காட்டி நிறுத்த ஒன்றும் வராது.